முதலில் ஒரு மணை செய்யுங்கள்

மரவேலை கற்றுக்கொள்ள ஆசை என்று சொன்னால் போதும், உடனே யாராவது ஒரு காணொளியை அனுப்பிவிடுகிறார்கள். அதில் ஒருவர் ஐந்து மின்கருவிகளைச் சுற்றி வைத்துக்கொண்டு பத்தே நிமிடத்தில் பூந்தொட்டி அலமாரி செய்துவிடுவார். நானும் அப்படிப் பார்த்துத்தான் கெட்டேன். துளையிடும் இயந்திரம் ஒன்றை வாங்கிச் சமையலறையில் பலகை மாட்டினேன். மூன்றாம் நாள் இரவு அது மாவடு ஜாடியோடு கீழே வந்தது. இயந்திரத்தைச் சொல்லிக் குற்றமில்லை. துளை பெரிதாகிவிட்டதைப் பார்த்தும் திருகாணியை முடுக்கியவன் நான்.

என் கட்சி இதுதான்: முதல் வேலை மணையாக இருக்கட்டும். உட்கார்ந்து சாப்பிடும் சாதாரண மணை. ஒன்றரை அடி நீளம், பத்து அங்குல அகலம், ஒரு அங்குலக் கனத்தில் ஒரு பலகை. அடியில் குறுக்கே இரண்டு சட்டங்கள். அவ்வளவுதான். கைரம்பம், இழைப்புளி, மூலைமட்டம், கைத்துளைப்பான், திருப்புளி, உப்புத்தாள் இருந்தால் போதும். மின்சாரமே வேண்டாம்.

மரத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் கொல்லையைப் பார்க்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடிப் பக்கம் எங்கள் கொல்லையில் பூவரசு சாய்ந்தது. தென்னைகள் போன துக்கத்தில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்பா மட்டும் அறுவை மில்லில் கொடுத்துப் பலகையாக்கி, இடையிடையே குச்சி வைத்து மாட்டுக்கொட்டகை நிழலில் அடுக்கினார். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. கொல்லையில் மரம் இல்லாதவர்கள் இடித்த வீட்டு மரம் வாங்கலாம். ஆனால் ரம்பம் வைப்பதற்கு முன் காந்தத்தால் தடவிப் பாருங்கள், உள்ளே பழைய ஆணி கிடக்கும். கப்பல் சரக்கோடு வரும் அடுக்குச் சட்டங்களை (பேலட்) வாங்கினால் அவற்றில் உள்ள முத்திரையைக் கவனியுங்கள். எச்.டி. (HT) என்றால் சூடாக்கிப் பூச்சி நீக்கியது. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. அது வீட்டுக்குள் வேண்டாம்.

இனி என் அவமானக் கதை. முதல் மணையில் சட்டங்களுக்கு முழு நீளமும் பசை தடவி, எட்டுத் திருகாணி இறக்கினேன். யானை உட்கார்ந்தாலும் தாங்கும் என்று அம்மாவிடம் பெருமை வேறு. சித்திரையில் ஒரு மதியம் டப்பென்று நடுவில் வெடித்தது. எதிர்வீட்டு ஆசாரி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சட்டம் எதற்கு இருக்கிறது தம்பி? பலகையைப் பிடிக்கவா, கொல்லவா?" என்றார்.

அவர் காட்டிய உதாரணம் எங்கள் வாசல் கதவு. ஐப்பசி அடைமழையில் நிலையோடு ஒட்டிக்கொள்ளும். பங்குனியில் இடுக்கில் வெளிச்சம் தெரியும். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை. ஈரத்துக்கு ஊதுவதும் வெயிலுக்குச் சுருங்குவதும் அகலத்தில்தான். பலகை ஓடுபோல் வளையாமலிருக்கக் குறுக்குச் சட்டம் வேண்டும். அதே சமயம் சுருங்க இடமும் வேண்டும். ஆகவே பசை கூடாது. ஒவ்வொரு சட்டத்திலும் நடுத் திருகாணியை மட்டும் இறுக்க வேண்டும். ஓரங்களில் சட்டத்துத் துளையை அதன் நீளவாக்கில் ஒரு நூல் இழுத்து நீட்டிவிட்டால் பலகை நகர்ந்துகொள்ளும். (தெரியாதவர்களுக்கு: எட்டு நூல் ஓர் அங்குலம்.) இரண்டாவது மணை மூன்று கோடையைப் பார்த்துவிட்டது.

மற்றதெல்லாம் கைப்பழக்கம். இழைக்கும்போது சிராய் கிளம்பினால் பலகையைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கமிருந்து இழையுங்கள். சட்டத்தின் நீளத்தை நாடாவால் அளக்காதீர்கள். பலகையின் மேலேயே வைத்துக் கோடு போடுங்கள், பாதித் தவறு குறையும். திருகாணிக்கு முன் சிறு துளை போட்டே ஆக வேண்டும். கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். அது காய்வதில்லை, நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும். ஆனால் அதில் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

மணை கைவந்துவிட்டால் குத்துவிளக்குப் பலகை, புத்தகப் பெட்டி எல்லாம் இதன் தங்கை தம்பிகள். நான் இப்போது கொலுப்படியில் இறங்கியிருக்கிறேன். அதே பூவரசின் மிச்சப் பலகைகளை அறுத்து இழைத்து வைத்தாயிற்று. மூன்று படியா ஐந்து படியா என்றுதான் அம்மாவுக்கும் மனைவிக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. புரட்டாசிக்கு நாளும் அதிகமில்லை.