சிவப்பாகத் தெரிந்தால் மேகவெடிப்பு என்று பொருளில்லை

வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல்: “செயற்கைக்கோள் படத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு சிவப்பாகிவிட்டது, ஒரு மணி நேரத்தில் மேகவெடிப்பு.” இது தவறு.

இன்சாட் என்ற இந்தியச் செயற்கைக்கோள் வெப்பத்தை அளந்து எடுக்கும் அகச்சிவப்புப் படத்துக்கு வண்ணமிடும்போது, சிவப்பு காட்டுவது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை. மழை அளவை அல்ல. இடிமழை ஓய்ந்த பிறகும் மேகத்தின் மேற்பகுதி காற்றில் பரவிக் குளிராகவே நிற்கும், கீழே ஒரு துளிகூட விழாமல் இருக்கலாம். மேகவெடிப்பு என்பது சிறு பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. மழை. மூன்று மாவட்டத்துக்கு மொத்தமாகச் சொல்கிற சமாச்சாரமே அல்ல.

முதலில் படத்தின் ஓரத்தில் உள்ள நேரத்தைப் பாருங்கள். அது யூடிசி (உலகப் பொது நேரம், ஜிஎம்டி என்றும் போடுவார்கள்) என்றால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 0900 என்றால் நம்மூரில் மதியம் 2.30. ஃபார்வர்டு ஆகும்போது வெட்டுப்படுவது பெரும்பாலும் அந்த ஓரந்தான். நேரம் இல்லாத படத்தை நம்பவே வேண்டாம்.

ரேடார் படத்திலும் நம் பக்கம் சிக்கல் உண்டு. மழையைத் தேட காரைக்கால் ரேடார் அனுப்பும் மிகத் தாழ்ந்த அலைக்கற்றையே ஈரோட்டை எட்டும்போது 4–5 கி.மீ. உயரத்தில் போகும்; அதற்குக் கீழே இருக்கும் மழை தெரியாது. கொச்சி ரேடாருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. ஆக, படம் காலியாக இருந்தாலும் களத்தில் காயும் மஞ்சளை மூட வேண்டிவரலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மௌசம் தளத்தில் மாவட்ட வாரியான நௌகாஸ்ட் (அடுத்த சில மணி நேரத்துக்கான) எச்சரிக்கை இருக்கிறது. அதை நேராகத் திறந்து பாருங்கள்.