இறக்க முடியாத ஒருவரை ஏற்றச் சொல்கிறீர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த அண்ணை பேசிய காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள், பாதிப்பேர் ஹார்ட் போட்டுப் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். தேர்தல் எங்களுக்குச் சரிவராதாம், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் மாதிரி ஒரு மன்னன் போதுமாம். கைதட்டல் நிற்கவே இல்லை. அந்தக் கைதட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பண்டாரவன்னியனை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரரிடமிருந்து பிடித்தவர். கச்சிலைமடுவில் அவருடைய நினைவுக்கல்லைக் கடக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் அவர் வீரர் என்பதற்காக அவருடைய மகனும் பேரனும் எங்களை ஆள வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? கெட்டவன் எந்த ஆட்சியிலும் வருவான். மன்னராட்சியில் வந்தவனை இறக்க வழி இல்லை.

யாழ்ப்பாண இராச்சியத்தின் கடைசிக் காலத்தையே பாருங்கள். பட்டத்துக்குரியவன் சிறுபிள்ளை, அதைச் சாட்டாக வைத்து 1617 இல் சங்கிலி குமாரன் அரச குடும்பத்தாரைக் கொன்று அதிகாரத்தைப் பிடித்தான். 1619 இல் இராச்சியம் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. கண்டியில் 1815 இல் மன்னனை இறக்க நினைத்த பிரதானிகளுக்கும் வேறு வழி இருக்கவில்லை, ஆங்கிலேயரோடு சேர்ந்தார்கள். மன்னனோடு நாடும் போனது.

எங்கள் ஊரில் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வாய்க்கால் தண்ணீருக்குப் பொறுப்பாக இருந்தவர் நல்ல மனுசன். அவருக்குப் பிறகு மகன்தான் என்று ஊரே பேசாமல் இருந்துவிட்டது. மகனோ சொந்தக்காரர் வயலெல்லாம் நிரம்பிய பிறகுதான் மற்றவர்களுக்குத் தண்ணீர் விட்டார். வாய்க்காலில் கடைசி வயல் எங்களுடையது, சிறுபோகத்தில் கதிர் வருகிற நேரம் நிலம் வெடித்துக் கிடந்தது. அப்பா அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தார். பிறகு கமக்காரர் அமைப்பில் கையை உயர்த்தி ஆளை மாற்றினார்கள். வந்தவர் பெரிய உத்தமர் இல்லை, ஆனால் அடுத்த தெரிவு வரும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் வயலுக்கும் தண்ணீர் வந்தது.

இங்கிலாந்தில், நோர்வேயில் மன்னர் இல்லையா என்பீர்கள். இருக்கிறார், ஆள்வதில்லை. ஆளுகிற பிரதமரைச் சனம் மாற்றுகிறது. சவூதி? அங்கே வீட்டு வேலைக்குப் போய் வந்த எங்கள் பெண்களிடம் கேளுங்கள்.

சரி, தேர்தலில் வந்த அரசுதானே எங்களை முள்ளிவாய்க்கால் வரை துரத்தியது என்றும் கேட்பீர்கள். ஓம். 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்ததும் பாராளுமன்றம்தான். எண்ணிக்கையில் குறைந்தவர்களை வாக்குப்பெட்டி மட்டும் காப்பாற்றாது, அதிகாரம் பகிரப்பட வேண்டும், நீதிமன்றம் யாருக்கும் பயப்படாமல் இருக்க வேண்டும். அது இல்லை என்பதற்காக எல்லா அதிகாரத்தையும் ஒரே வீட்டுக்குக் கொடுப்பீர்களா? போருக்குப் பிறகு தெற்கில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவை மகாராஜா என்றே பாடினார்கள், 2010 இல் 18ஆவது திருத்தம் கொண்டுவந்து எத்தனை தடவையும் போட்டியிடலாம் என்று மாற்றினார்கள். அந்த மகாராஜாவை 2015 ஜனவரி 8 இல் வீட்டுக்கு அனுப்பியதில் வன்னியின் வாக்கும் இருக்கிறது. உடுத்த துணியோடு முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த சனத்தின் வாக்கு. அதைத்தான் வேண்டாம் என்கிறீர்கள்.

2017 இல் கேப்பாப்புலவு பிலவுக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாம் வாசலில் பிள்ளைகளோடு ஒரு மாதம் குந்தியிருந்து காணியை மீட்டது. அதே ஆண்டு கிளிநொச்சியில் தெருவோரம் போராட்டம் இருக்கத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமாருக்கு இன்னும் பதில் இல்லை, அது என்னையும் எரிக்கிறது. ஆனால் பிள்ளை எங்கே என்று தெருவில் இருந்து கேட்க முடிகிறதே, அதையும் பறிக்கிற ஆட்சிக்கா கைதட்டினீர்கள்?

அண்ணை, அந்த அம்மாமாரில் சிலர் அன்றைக்கு உங்களுக்கு முன்னால்தான் இருந்தார்கள். அடுத்த மேடையில் அவர்களுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், உங்கள் மன்னன் பதில் தராவிட்டால் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று.