அந்தப் படத்தில் என் கையில் இருப்பது என் புத்தகம் இல்லை

மூன்று நாளாக அந்தப் படம் சுற்றுகிறது. சென்னைப் புத்தகக் கண்காட்சியில் நான் ஒரு நாவலைத் தூக்கிக் காட்டும் படம். எழுத்தாளர்கள் தங்களையும் தங்கள் கூட்டத்தையும் தாங்களே புகழ்ந்துகொள்வதற்கு உதாரணம் என்று சக எழுத்தாளர் ஒருவர் அதைத் தன் பதிவில் போட்டிருந்தார். என் இன்பாக்ஸுக்கு மட்டும் அந்த ஸ்க்ரீன்ஷாட் நாற்பது தடவை வந்திருக்கிறது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "கூவிக் கூவி விற்கிறார்கள்" என்பதைக்கூட விட்டிருப்பேன். "ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்ளும் மிகுபுனைவுக் கும்பல்" என்று ஃபேன்டசி எழுதும் எங்களைச் சொன்னதையும், அதற்குத் துணையாக நன்னூல் என்ற பழைய இலக்கண நூலை இழுத்து வந்ததையும் என்னால் விட முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் நான் தூக்கிப் பிடித்திருப்பது என் புத்தகம் இல்லை. அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மாலை. நந்தனம் மைதானத்தில் நடக்க இடமில்லை. பலகைத் தரை தடதடவென்று அதிர்ந்துகொண்டே இருந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், அம்மாவோடு எங்கள் அரங்குக்கு வந்தாள். மேசையில் இருந்த என் நாவலை எடுத்து, முன்பக்கத்தில் இருக்கும் வரைபடத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள். விரலை வைத்து ஆற்றின் போக்கைத் தடவிக்கொண்டே போய், அது மலைக்குள் நுழையும் இடத்தில் நிறுத்தினாள். "இதெல்லாம் பாடத்துக்கு உதவுமா?" என்று அம்மா என்னைக் கேட்டார். உதவாது என்று உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம், "பேய், தெய்வம் இதெல்லாம் பிடிக்குமா, இல்லை போர் பிடிக்குமா?" என்றேன். "ஏரியில குடியிருக்கிற மாதிரி ஏதாவது" என்றாள். என் நாவலில் ஏரி கிடையாது. என் தோழியின் நாவல் முழுக்க ஏரிதான், கன்னிமார் ஏழு பேரும் அதற்குள்தான் இருக்கிறார்கள். என் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, அடுக்கின் பின்னாலிருந்து தோழியின் புத்தகத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். அந்த நொடியில் எடுத்ததுதான் அந்தப் படம்.

என் விற்பனை ஒன்றை விட்டுக்கொடுத்த நொடி அது. அதைத்தான் தற்புகழ்ச்சிக்கு உதாரணமாகப் போட்டிருக்கிறார்கள்.

தோழி அன்று ஏன் அரங்கில் இல்லை என்று கேட்பீர்கள். அவள் கோவில்பட்டிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் செவிலி. பொங்கலுக்கு முன்னும் பின்னும் விடுப்பு கிடைக்கவில்லை. சுமார் 900 அரங்குகள் இருக்கிற கண்காட்சியில் அவள் புத்தகம் ஓர் அடுக்கில் முதுகு மட்டும் தெரிய நிற்கிறது. எழுதியவளும் இல்லை, எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை என்றால் அது அப்படியே நின்றுவிட்டுப் பெட்டிக்குள் திரும்பிப் போகும். அதனால் நான் எடுத்துச் சொன்னேன். இனிமேலும் சொல்வேன்.

இப்போது நன்னூலுக்கு வருகிறேன். "தான்தற் புகழ்தல் தகுதி யன்றே", அதாவது தன்னைத் தானே புகழ்வது தகாது என்ற அடியைப் போட்டு, நூறு பேர் கைதட்டியிருந்தார்கள். அந்த அடி உண்மைதான், பவணந்தி முனிவர் சொன்னதுதான். ஆனால் அதற்கு அடுத்த சூத்திரத்தை ஏன் போடவில்லை? தன்னைத் தானே புகழலாம் என்று நான்கு இடங்களை அவரே அனுமதிக்கிறார். மன்னன் அவைக்கு ஓலை அனுப்பும்போது புகழலாம். "தன்னுடை யாற்றல் உணரா ரிடையினும்", அதாவது நம் திறமை தெரியாதவர்கள் நடுவில் புகழலாம். அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில் புகழலாம். நான்காவது, "தன்னை மறுதலை பழித்த காலையும்". எதிரி பழிக்கும்போதும் புகழலாம். புத்தகக் கண்காட்சியில் என் முன்னால் வந்து நிற்கிறவர்களில் பெரும்பாலோருக்கு என்னைத் தெரியாது. பழித்தவர் யார் என்பது உங்களுக்கே தெரியும். நான்கில் இரண்டு எனக்கே பொருந்துகிறது.

"தான்தற் புகழ்தல்" சூத்திரத்துக்கு முந்தைய சூத்திரம் இன்னும் முக்கியம். ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலையும் ஆசிரியரையும் அறிமுகம் செய்யும் முன்னுரை, யார் சொல்ல வேண்டும்? "தன்னா சிரியன் தன்னொடு கற்றோன் தன்மா ணாக்கன் தகுமுரை காரன்" என்கிறார் பவணந்தி. தன்னொடு கற்றோன்! கூடப் படித்தவன்! அவன் பாயிரம் சொல்வதைக் கடன் என்றே சொல்கிறார். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடிய பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்பதுதான் மரபு. அதுவும் முதுகு சொறிதலா? சக எழுத்தாளனின் நூலை ஊருக்கு அறிமுகம் செய்வது இந்த மொழியில் ஒரு கடமையாகவே இருந்திருக்கிறது. நான் செய்ததும் அதுதான்.

"நல்ல எழுத்து தானே வாசகரைத் தேடிக்கொள்ளும்" என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருந்தார். பாரதியைவிட நல்ல எழுத்து எது? 1920இல் அவர் தன் எழுத்தை எல்லாம் 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டம் போட்டு, நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிக் கடன் கேட்டார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போலத் தன் புத்தகங்கள் வீடு வீடாகப் போகும் என்று நம்பினார். கேட்ட பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு அவரே இல்லை. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவர புத்தகத்தை வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்க அலைந்தவர். அவர்களே கேட்டார்கள், அலைந்தார்கள். நான் ஒரு மேசைக்குப் பின்னால் நின்று பேசியதுதான் இழுக்காகிவிட்டதா?

இன்னொருவர், "அதெல்லாம் பதிப்பகத்தின் வேலை" என்றார். சின்னப் பதிப்பகத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. மெய்ப்புப் பார்ப்பவரும் பில் போடுபவரும் மூட்டை தூக்குபவரும் ஒரே ஆள். அதற்கு மேல் நான் சொல்ல விரும்பவில்லை.

பணத்துக்காகத்தான் இந்தக் கூவல் என்று நினைப்பவர்களுக்காகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் நாவல் விலை 380 ரூபாய். எனக்குப் பத்து சதவீதம், ஒரு பிரதிக்கு 38 ரூபாய். அச்சடித்தது 300. பதினான்கு மாதத்தில் விற்றது 212. கைக்கு வந்தது 8,056 ரூபாய். எழுத எடுத்தது நான்கு வருடம். திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்து போவதும் அறை வாடகையும் என் சம்பளத்திலிருந்து. வெளியூர் வாசகர் கேட்டால் நானே பொட்டலம் கட்டித் தபாலில் போடுகிறேன். புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் அஞ்சல் துறை நிறுத்தியதிலிருந்து அந்தச் செலவும் ஏறிவிட்டது. இதை வியாபாரம் என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை இந்தக் கணக்கைக் கூட்டிப் பார்க்கட்டும்.

சரி, கும்பல் விஷயம். நாங்கள் ஏழு பேர் ஒரு வாட்ஸாப் குழுவில் இருப்பது உண்மை. ஒருவர் கைப்பிரதியை ஒருவர் படிப்பதும் உண்மை. அங்கே என்ன நடக்கிறது என்று தெரியுமா? என் நாவலில் பௌர்ணமி முடிந்து எட்டாம் நாள் மறுபடி முழுநிலா வருவதாக எழுதிவைத்திருந்தேன். மூன்று திருத்தங்களில் என் கண்ணில் படவில்லை. இரவுப் பணியில் விடியற்காலை மூன்று மணிக்குப் படித்துக்கொண்டிருந்த இதே தோழிதான் பிடித்தாள். "அக்கா, உங்க உலகத்துல நிலா ரெண்டா? ரெண்டுன்னா முதல் அத்தியாயத்துலயே சொல்லிடுங்க, ஒண்ணுன்னா இந்தச் சண்டை இருட்டுல நடக்கணும்" என்று குரல் செய்தி அனுப்பினாள். அந்தச் சண்டையை இருட்டில் மாற்றி எழுதினேன். இப்போது வாசகர்கள் அதிகம் சொல்வது அந்த அத்தியாயத்தைத்தான். இதற்குக் கும்பல் என்று பெயர் வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பாதி மட்டும் படித்த புத்தகத்துக்கு நல்ல வார்த்தை எழுதியிருக்கிறேன். எழுதியவர் நெருக்கடியில் இருந்தார், நான் மறுக்கவில்லை. அது தவறுதான். அந்த ஒன்றை வைத்து மற்ற எல்லாவற்றையும் பொய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

உண்மையில் கோபம் எங்கே என்று எனக்குத் தெரியும். நாங்கள் எழுதுவது மிகுபுனைவு. அதுதான் உறுத்துகிறது. "பெரியவர்களுக்கும் ஏதாவது எழுதலாமே" என்று மேடையிலேயே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்கு என்கிறார்கள். மணிமேகலையில் தெய்வம் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மணிபல்லவத்துக்குப் பறக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருக்கிறது. எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீயோடு காயசண்டிகை அலைகிறாள். தூணில் இருக்கும் கந்திற்பாவை வாய் திறந்து பேசுகிறது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பரிமாறுகின்றன. இதையெல்லாம் கல்லூரியில் பாடமாக வைத்து மதிப்பெண் போடுவார்கள். அதே ஊற்றிலிருந்து இன்று ஒரு செவிலி தன் ஊர் ஏரிக்கரைக் கன்னிமாரை வைத்து எழுதினால் மட்டும் சின்னப்பிள்ளைக் கதை. இந்த அநியாயத்தை நான் பத்து வருடமாகப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்றுதான் மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவை எழுதியவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டவள். அவருடைய சிறுகதைத் தொகுப்பு வந்த வருடம், எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு முப்பது பிரதிகளை இரண்டு பைகளில் போட்டுப் பேருந்தில் கொண்டுபோனது நான். இருபத்தாறு விற்றுக் கொடுத்தேன். மீதி நான்கை நானே வாங்கி அலுவலகத்தில் கொடுத்தேன். அந்தக் கதைகளை எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும். அன்று அவர் அதை முதுகு சொறிதல் என்று சொல்லவில்லை. "நீ இல்லன்னா என்ன பண்ணியிருப்பேன்மா" என்றார். அண்ணே, அன்று நான் செய்ததும் ஞாயிற்றுக்கிழமை செய்ததும் ஒரே வேலைதான்.

நேற்று இரவு தோழியிடமிருந்து இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது, அந்தப் பதினோராம் வகுப்புப் பெண் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த மின்னஞ்சலுக்கு எழுதியது. பாதி படித்துவிட்டாளாம். மூன்றாவது கன்னி கடைசியில் கரைக்கு வருவாளா மாட்டாளா, அதை மட்டும் இப்போதே சொல்லச் சொல்கிறாள். இரண்டாவது செய்தி தோழி எனக்கு எழுதியது. "அக்கா, இனிமே என் புக்கை எடுத்துப் பேசாதீங்க. என்னால உங்களுக்குக் கெட்ட பேரு."

பணி நேரத்தில், நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறாள். ஒரு வாசகியின் முதல் கடிதம் வந்த இரவில் ஓர் எழுத்தாளர் நினைக்க வேண்டியது இதுதானா?

அவளுக்கு நான் பதில் போடவில்லை. இதுதான் பதில். சனிக்கிழமை மதியம் மூன்று மணியிலிருந்து அதே அரங்கில், அதே மேசைக்குப் பின்னால் இருப்பேன். அவள் நாவல் இன்னும் பதினோரு பிரதிகள் இருக்கின்றன. வர முடியாதவர்களுக்கு லிங்க் முதல் கமெண்டில்.