அது கிண்டல் இல்லை அண்ணே

‘தி கில்ட்டி ஃபெமினிஸ்ட்’ பாட்காஸ்ட் பெண்ணியத்தைக் கிண்டல் செய்யத்தான் நடக்கிறது, ‘நான் பெண்ணியவாதிதான், ஆனால்…’ என்று அதை நடத்துகிறவர்களே பின்வாங்குகிறார்கள் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்களே அண்ணே, அது தப்பு. 2015 டிசம்பரில் டெபோரா ஃபிரான்சஸ்-வைட், சோஃபி ஹாகன் என்ற இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் தொடங்கிய நிகழ்ச்சி அது. அந்த வரி பின்வாங்கல் இல்லை, கொள்கைக்கும் அன்றாட நடப்புக்கும் நடுவில் எங்கே சறுக்குகிறோம் என்று கூட்டத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வது, சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் அன்றைய விஷயத்துக்கே போகிறார்கள். தொடக்கத்தை மட்டும் வெட்டிப் பகிர்ந்தால் கேலி மாதிரித்தான் தெரியும்.

அப்புறம், ‘செட்டிநாட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் ஒட்டாது’ என்றதும் சரியில்லை. கல்யாண வீட்டில் சீர்ச் சாமான் பரப்பியிருக்கும்போது இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், ஆச்சிமார் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘வெள்ளிக்கும் எவர்சில்வருக்கும் இடம் இருக்கு, பொண்ணு எங்கடி உட்காரும்?’ என்று ஒருவர் கேட்பார், கட்டு முழுக்கச் சிரிக்கும். சீர்வரிசை பற்றி அதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் பெண்களைச் சைக்கிள் ஓட்டவைத்த அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கமும் பாட்டையும் தெரு நாடகத்தையும் கையில் எடுத்துத்தான் ஊருக்குள் போனது.

அந்த பாட்காஸ்டில் பெரும்பாலும் இங்கிலாந்துச் சூழல்தான் வருகிறது என்று குறை சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழு எபிசோடு ஒன்றையாவது கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.