அந்த அறுநூறு பேரும் எங்கட சனம்தான்

நேற்றிலிருந்து அந்தப் பின்னூட்டம் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. எதைச் சொல்கிறேன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். மன்னார் தோட்டவெளியில் இருக்கும் வேதசாட்சிகள் ஆலயத்தில் மெழுகுதிரி கொளுத்திய படத்தை நண்பர் ஒருவர் போட்டிருந்தார். அதற்குக் கீழே ஒரு தம்பி, "பறங்கியிடம் விலைபோன துரோகிகளுக்கு என்ன நினைவிடம்? முத்திரைச் சந்தியில் சங்கிலியன் நிற்கிறான், அது போதும்" என்று எழுதியிருக்கிறார். பறங்கி என்று அவர் சொல்வது போர்த்துக்கேயரை; சங்கிலியன், நல்லூரில் சிலையாக நிற்கும் யாழ்ப்பாண அரசர். விருப்பம் போட்டவர்களில் என் சொந்தக்காரர் இருவர். அதுதான் கூட வலித்தது.

1544இல், கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்றதால் யாழ்ப்பாண அரசரின் ஆணைப்படி மன்னாரில் வெட்டுப்பட்டவர்கள் தமிழர். ஏறத்தாழ அறுநூறு பேர். இது பறங்கி கட்டிய கதை என்று சொல்வீர்களானால், நம்முடைய பழைய வரலாற்று நூலான யாழ்ப்பாண வைபவமாலையும் அறுநூறு என்றுதான் சொல்கிறது. ஞானஸ்நானம் பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் எந்தக் கோட்டையைக் காட்டிக்கொடுத்தார்கள்?

அப்புறம், முத்திரைச் சந்தியில் நிற்பவர் அவர்களைக் கொன்ற அரசரே இல்லை. கொன்றது முதலாம் சங்கிலி. 1974இல் எழுப்பி 2011இல் புதுப்பித்த சிலை, 1619இல் பறங்கியிடம் அரசை இழந்து, கோவாவில் கொல்லப்பட்ட கடைசி அரசருக்கு. இடையில் முக்கால் நூற்றாண்டு. ஒரே பெயர் என்பதற்காக ஒருவரின் கொலையை மற்றவரின் வீரமாக்கிவிட்டோம்.

என் அம்மம்மா பேசாலைக்காரி, வேதக்காரி. அப்பா பக்கம் நல்லூர்ச் சைவம். சின்ன வயதில் அம்மம்மாவோடு தோட்டவெளிக்குப் போன ஒரு பின்னேரம், காற்று மெழுகுதிரியை நிற்கவிடவில்லை. சேலைத் தலைப்பால் மறைத்து, உள்ளங்கையைக் குவித்து, நாலாம் தரம்தான் பற்றவைத்தா. உருகிய மெழுகு அவவின் பெருவிரலில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. "ஆர் அம்மம்மா இவையள்?" என்று கேட்டேன். "எங்கட சனம், பிள்ளை" என்றா. அரசரை ஒரு சொல் திட்டவில்லை. திரும்பி வந்த கிழமை அப்பப்பாவோடு நல்லூரில் கற்பூரம் ஏற்றினேன். எனக்கு ஒன்றும் முட்டவில்லை.

"அது மதமல்ல, அரசியல்" என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். எதிர்க்கரையில் முத்துக்குளித்த பரதவர் ஞானஸ்நானத்தோடு போர்த்துக்கேயப் பாதுகாப்புக்குள் போனதை அரசர் கண்டிருந்தார். அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. காரணம் இருந்தால் வெட்டலாமா?

"நல்லூர்க் கோயிலை இடித்தது யார்?" இடித்தது போர்த்துக்கேயர், 1621இல். அதை நினைத்தால் எனக்கும் வயிறு எரியும். ஆனால் 77 வருடத்துக்கு முன்பே மண்ணுக்குள் போன சனத்திடம் அந்தக் கணக்கைக் கேட்பீர்களா? 1560இல் பறங்கிப் படை வந்து நல்லூரைத் தாக்கி மன்னாரைப் பிடித்துக்கொண்டதற்கும், செத்தவர்கள் எப்படிப் பொறுப்பு?

"இவ்வளவு காலம் போய் ஏன் கிளறுகிறீர்?" இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஒருவர் கேட்கலாமா? 2021 ஜனவரி 8 இரவு பல்கலைக்கழகத்தில் போரில் இறந்தவர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தபோது எத்தனை பேர் தெருவுக்கு ஓடினோம்! வெளிக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே இயந்திரம் இரைவதைக் கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு தாய் கம்பியைப் பிடித்தபடி, "அதையும் விடமாட்டினமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டா. போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களை உழுதவர்களும் உள்ளே கிடந்தவர்களுக்குப் பயங்கரவாதி என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டுதான் உழுதார்கள். அந்தச் சொல்லால் எரிந்த நாங்களே இன்னொரு புதைகுழியைப் பார்த்துத் துரோகி என்கிறோம். எப்படி மனம் வருகிறது?

சங்கிலியன் சிலையை எடுக்கச் சொல்லவில்லை. அதற்கு மாலை போடுகிற நாளில் நானும் வருவேன். தோட்டவெளியில் திரி கொளுத்துகிறவர்களை விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தம்பி, உம்மோடு எனக்குக் கோபமில்லை. அந்தப் பின்னூட்டத்தை மட்டும் எடுத்துவிடும். வாற மாதம் மன்னாருக்குப் போகிறேன், வண்டியில் இடமிருக்கிறது. வாரும். மெழுகுதிரி நான் வாங்குகிறேன்.