300 சிசி ஸ்போர்ட் பைக் தினசரி ஓட்டத்துக்குப் பத்தாதா?

"300 சிசி ஸ்போர்ட் பைக்குக்கு இழுவை கிடையாது, 600 சிசியாவது வேணும்" என்று சுற்றும் தகவல் தவறு.

கவாசாகி நிஞ்ஜா 300-இன் 39 குதிரைத்திறன் 11,000 ஆர்பிஎம்மில்தான் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) முழுதாகக் கிடைக்கும். மதுரை கோரிப்பாளையம் நெரிசலில் ஐந்தாவது கியரில் 35 கி.மீ. வேகத்தில் உருட்டினால் எஞ்சின் திணறத்தான் செய்யும். குறை பவரில் இல்லை, கியரில். இரண்டாவதுக்கு இறக்குங்கள். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலையேற்றத்தில், பின்னால் ஆள் இருந்தால், 6,000 ஆர்பிஎம்முக்குக் கீழே விடாதீர்கள். நான்குவழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசின் உச்சவரம்பே 80 கி.மீ.தான், அதற்கு இந்த எஞ்சின் தாராளம்.

ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறவில்லையா? கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் லீவரில் 2-3 மி.மீ. தளர்வு இருக்கிறதா பாருங்கள். தளர்வு இருந்தும் வழுக்கினால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். (கார் எஞ்சின் ஆயில் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான்.)