நிறத்தை மாற்றித் தருவது நம் வேலைதான்

முந்தாநாள் நம் இணையதளக் குழுவின் கூட்டத்தில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. கூட்டத்தில் இருந்தவர்களுக்கும் அதன்பின் நடந்த வாக்குவாதத்தைப் படித்தவர்களுக்கும் அது தெரியும். "பழைய பிரவுசர்களுக்கான நிற மாற்றத்தை எடுத்துவிட்டோம், பாதிக்கப்படுவது சொச்சம் பேர்தான்" என்ற அந்த ஒரு வாக்கியம் இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இணையப் பக்கத்தின் நிறத்தை ஓகேஎல்சிஎச் என்ற புதிய முறையில் எழுதுவது நம் வசதிக்காக. அதைப் பழைய பிரவுசருக்கும் புரியும்படி மாற்றித் தருவது நம் வேலை.

ஓகேஎல்சிஎச் முறைக்கு நான் எதிரி அல்ல. 2020இல் பியோர்ன் ஒட்டோசன் உருவாக்கிய ஓகேலேப் என்ற, நிறங்களை எண்களால் குறிக்கும் நிறவெளியை அடிப்படையாகக் கொண்ட இந்த முறையில், வெளிச்சத்தின் எண்ணை ஒன்றாக வைத்தால் மஞ்சளும் நீலமும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் தெரியும்; பட்டன் நிறங்களோடு மல்லாடியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் குரோம் இதை ஏற்றுக்கொண்டது 2023 மார்ச்சில் வந்த 111ஆம் பதிப்பில்தான். ஆண்ட்ராய்டு 6 உள்ள கைபேசிக்கு குரோம் 106க்கு மேல் வராது; விண்டோஸ் 7 கணினிக்கு 109தான் கடைசி. அவர்கள் அப்டேட் செய்யச் சோம்பல்படுபவர்கள் அல்லர். அவர்களுக்கு அப்டேட்டே வருவதில்லை.

சென்ற மாதம் என் அத்தை, பேத்தியின் பள்ளிக் கட்டணத்தைக் கட்ட முடியவில்லை என்று அழைத்தார். "தம்பி, எல்லாம் எழுதிட்டேன், பணம் கட்டுற பட்டனையே காணோம்பா" என்றார். மாலையில் போய் அவருடைய பழைய கைபேசியை வாங்கிப் பார்த்தேன். படிவத்தின் அடியில் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் குத்துமதிப்பாக விரலை வைத்ததும் பணம் கட்டும் பக்கம் திறந்தது. பட்டன் அங்கேயேதான் இருந்தது. வெள்ளைத் திரையில், பின்னணி இல்லாமல், வெள்ளை எழுத்தோடு.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான்: பின்னணி நிறம் புதிய முறையில் எழுதப்பட்டிருந்தது. சாதாரணமாக, பழைய நிறத்தை முதல் வரியிலும் புதியதை அடுத்த வரியிலும் எழுதினால், பிரவுசர் தனக்குப் புரியாத வரியைத் தள்ளிவிட்டு முந்தையதை எடுத்துக்கொள்ளும். நிறத்தை வேரியபிளில், அதாவது ஒரு பெயரில் சேமித்துப் பல இடங்களில் பயன்படுத்தும்படி, வைத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. வேரியபிளுக்குள் எதை எழுதினாலும் பிரவுசர் முதலில் ஏற்றுக்கொள்கிறது. பயன்படுத்தும் நேரத்தில்தான் அது செல்லாது என்று தெரிகிறது, அதற்குள் முந்தைய வரி கைவிடப்பட்டிருக்கும். பின்னணி ஒளிபுகும் நிலைக்குப் போய்விடும். வேரியபிளில் பழைய நிறத்தையே வைத்து, புதியதை, பிரவுசருக்குப் புரிந்தால் மட்டும் செயல்படும் சப்போர்ட்ஸ் நிபந்தனைக்குள் எழுத வேண்டும். நாம் எழுதும் ஸ்டைல் கோப்பைப் பழைய பிரவுசருக்கும் ஏற்றபடி மாற்றித் தரும் லைட்னிங் சிஎஸ்எஸ் போன்ற கருவிகளிடம் எந்தப் பிரவுசர் வரை வேண்டும் என்று சொல்லிவிட்டால் இதையும் அவையே செய்து தருகின்றன. 62.8%, 0.258, 29.23 என்ற ஓகேஎல்சிஎச் சிவப்பை 255, 0, 0 என்று சிவப்பு, பச்சை, நீல அளவுகளைச் சொல்லும் பழைய ஆர்ஜிபி ஆக்குவது வெறும் கணக்கு. அதை நாம் உட்கார்ந்து போட வேண்டியதுகூட இல்லை.

கோப்பு பெருத்துவிடும் என்கிறார்கள். முகப்பில் நாம் போடும் ஒரு படத்தின் முன்னால் அது எம்மாத்திரம்? நிறம் துல்லியமாக வராது என்பதில் உண்மை உண்டு; எஸ்ஆர்ஜிபி என்ற பழைய நிற எல்லைக்கு அப்பாற்பட்ட நிறங்கள் மாற்றும்போது சற்று மங்கும். மங்கிய பட்டனை அத்தை அழுத்தியிருப்பார். நிறங்களைக் கலக்கும் கலர்மிக்ஸ் கட்டளையில் வேரியபிளைப் போட்டு ஓடும் நேரத்தில் கலக்கும் நிறங்களை இந்தக் கருவிகளால் எப்போதும் முன்கூட்டியே கணக்கிட முடியாது என்ற வாதத்தை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அந்த இடங்களில் கையால்தான் எழுத வேண்டும். நம் தளத்தில் அப்படி இருப்பவை ஏழு, நானே எண்ணிப் பார்த்தேன்.

புதுக் கைபேசி வாங்கிக்கொள்ளட்டும் என்று எழுதியவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் கைபேசியில் வாட்ஸ்அப்பில் பேத்தியின் குரல் கேட்கிறது, கேஸ் பதிவு செய்ய முடிகிறது. கெட்டுப்போகாத பொருளை நம் பட்டனுக்காக ஏன் தூக்கிப்போட வேண்டும்? "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேனாப்பா?" என்று அன்று அத்தை இரண்டு முறை கேட்டார். தவறு செய்தவர்கள் நம்மைப் போன்றவர்கள். கூசிப்போய் நின்றவர் அவர். சொச்சம் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு அந்த முகம்தான் தெரிந்தது.

நீக்கிய வரிகளைத் திரும்பச் சேர்த்து, அந்த ஏழு இடங்களையும் திருத்தி நேற்றிரவே அனுப்பிவிட்டேன். இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை. திங்கட்கிழமை வெளியீட்டுக்கு முன் பாருங்கள்.